செல்வி வீட்டு ஜெல்லி

மகளின் பிறந்தநாளுக்காகக் கடல்பாசியைக் காய்ச்சித் திராட்சைச் சாறு ஊற்றியதும், அந்த வாசனையில் செல்வி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

வடமதுரையில் எங்கள் தெருவில் முதலில் ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் அவர்கள். நானும் செல்வியும் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவள் பிறந்தநாளுக்கு அவள் அம்மா சின்ன டம்ளர்களில் ஜெல்லி செய்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பன்னீர் திராட்சை. தொட்டால் நடுங்கியது. என் பிறந்தநாளுக்கு எப்போதும் கேசரிதான். எனக்கு வயிறு எரிந்தது.

அது கார்த்திகை மாதம். பாதி வீடுகளில் அப்பாக்கள் மாலை போட்டிருந்தார்கள், கவிச்சி ஆகாது.

"ஏய், இது எலும்புல செய்றதுடி" என்றேன் பக்கத்தில் இருந்தவளிடம். செத்த நேரத்தில் எல்லா டம்ளரும் கீழே இறங்கிவிட்டன.

"கடல்பாசிதான் புள்ளைகளா, செடி மாதிரி. தின்னுங்க" என்று செல்வியின் அம்மா கெஞ்சினார். யாரும் தொடவில்லை.

மறுநாள் செல்வி ஒரு டம்ளரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நீயாச்சும் தின்னுடி. யாரோ என்னமோ சொல்லிவிட்டுட்டாங்க."

அவள் பார்க்கப் பார்க்க முழுவதையும் தின்றேன். சொன்னது நான்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இன்று மகளின் பிறந்தநாளுக்கு வரும் அம்மாக்கள் கண்ணில் படட்டும் என்று, கடல்பாசி பாக்கெட்டைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். செல்வியின் அம்மா செய்தது இதைவிட நன்றாக நடுங்கியது.