சனிக்கிழமை போட்ட மெயில்

ஜெர்மனிக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலத்தோடு என் ஆபீஸ் மெயில் பெட்டி ஊமையாகிவிட்டது. சனிக்கிழமை முழுக்க ஒன்றுமில்லை. நெட்வொர்க் போய்விட்டதென்று எனக்கு நானே ஒரு மெயில் போட்டுப் பார்த்தேன். டக்கென்று வந்து விழுந்தது. இங்கே வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை அணைத்தால் திங்கள் காலைவரை யாரும் யாரையும் தொந்தரவு செய்யமாட்டார்கள், மேனேஜர் உட்பட. அடேயப்பா, இப்படியும் ஒரு தேசமா என்று வாயைப் பிளந்தேன். சிவகாசிக்காரன் லேசில் நம்பக்கூடிய விஷயமா இது! அங்கே என் அண்ணன் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். சீசனில் அவர் போனை எடுக்காவிட்டால், அடுத்த நிமிஷம் பட்டாசு கம்பெனி ஆளே வாசலில் நிற்பார். அண்ணனும் சோற்றுக் கையோடு எழுந்துபோய்ப் பேசுவார்.

ஒரு தீபாவளி சீசன், சனிக்கிழமை. அண்ணன் கூப்பிட்டார். அவரிடம் இருப்பது நான் வேலை பார்க்கும் ஜெர்மன் கம்பெனி செய்த பழைய அச்சு மிஷின்.

"ஏலே, மிஷினு மக்கர் பண்ணுதுலே. கலரு ஒண்ணுமேல ஒண்ணு உக்கார மாட்டேங்குது. நாளைக்குள்ள லேபிள் குடுக்கலைன்னா லோடு கிளம்பாது, ஆர்டரே கையவிட்டுப் போயிரும். அங்கன யாருகிட்டயாவது கேளு."

அந்த மிஷினைக் கரைத்துக் குடித்தவர் டீட்டர். ஆபீசில் பக்கத்து மேஜை, வீடும் அடுத்த தெருதான். நேரே போனேன். தோட்டத்தில் மகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார். மணியை அடிக்கக் கை வரவில்லை. திரும்பி வந்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது: திங்கள் காலை படிப்பேன், நன்றி.

அண்ணனிடம் சொன்னேன். "லீவுலயும் நொடியில பதில் போட்டுட்டாகளா! பெரிய மனுசந்தாம்லே" என்று உருகிவிட்டார். அது கம்ப்யூட்டர் தானாகப் போடும் பதில் என்றேன்.

"ஓடாத மிஷினு இங்கன, பேசுத மிஷினு அங்கனயாக்கும். சரி, வையி."

ஞாயிறு மத்தியானம், வேறு வழியில்லாமல், எதிர் பிரஸ் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் அண்ணன். ஒரு ஆர்டர் தகராறில் இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லையாம். "ஏன் அங்கனயே நிக்கீக? லேபிள் பிளேட்டக் கொண்டாங்க" என்று பிரஸ் சாவியோடு இறங்கிவிட்டாராம். லேபிள் அடித்து லோடும் கிளம்பிவிட்டது. அண்ணன் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கள் காலை டீட்டர் மெயிலைப் படித்த கையோடு, காபியைக்கூடத் தொடாமல் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டதென்று அண்ணாச்சி கதையைச் சொன்னேன். அசந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கள் ஊரில் எந்நேரமும் கதவைத் தட்டலாம்" என்றேன்.

"இங்கேயும் தட்டலாம். மெயில் போட்டால்தான் அவசரமில்லை என்று அர்த்தம்" என்றார் டீட்டர். "அன்றைக்கு உங்களைக் கேட் பக்கம் பார்த்தேன். உள்ளே வருவீர்கள் என்று மகளை நாற்காலி எடுத்துவரச் சொன்னேன். ஏன் போய்விட்டீர்கள்?"

சிவகாசிக்காரனாகவே இருந்திருந்தால் மணியை அடித்திருப்பேன். ஜெர்மன்காரனாக இருந்திருந்தாலும் அடித்திருப்பேன்.