ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய தண்ணீர்

சபைச் செயலாளர் ஐயா, உங்களுக்குச் சிமெண்டும் தெரியாது, ஓய்வுநாளும் தெரியாது. எங்கள் ஆலயத்துக் கூரையை முதல் நாளிலேயே வெடிக்க விடப் பார்த்தவர் நீங்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுக்கரைப் பக்கம் எங்கள் சபை அந்த ஆலயத்தைக் கட்டியது. அதுவரைக்கும் ஓலைப் பந்தலில்தான் ஆராதனை. நான் அப்போதே பத்து வருடம் சித்தாள் வேலை பார்த்து முடித்திருந்தேன். எங்கள் அப்பன் தலைமுறை வரை தோட்டங்களில் கூலி வேலை. நான் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சிமெண்டுச் சட்டியைத் தூக்கினேன். செயலாளர் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. கட்டட வேலைக்கும் அவரே பொறுப்பு.

கூரைக்குக் கான்கிரீட் போட்டது ஒரு சனிக்கிழமை, நல்ல சித்திரை வெயில். ஆரம்பித்தால் இடையில் நிறுத்தக் கூடாத வேலை அது. விட்டுத் தொடர்ந்தால் அந்த இடத்தில் விரிசல் விழும். அதனால் சபையே வந்து நின்றது. மேஸ்திரி கொண்டுவந்த ஆட்கள் ஆறு பேர், மற்றதெல்லாம் நாங்கள். கலவை மிஷினிலிருந்து சாரம் வரைக்கும் வரிசை கட்டி, கைக்குக் கை சட்டி மாற்றினோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். அவர் எங்கள் சபை இல்லை. எங்கள் அப்பன் அவர் அப்பாவின் தோட்டங்காட்டில் வேலை செய்தவர். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் எனக்கு அடுத்து வந்து நின்றுவிட்டார். பத்தாவது சட்டியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, போதுமுங்களா?" என்று கேட்டேன்.

"நீ குடு அம்மணி. நாளைக்கு எந்திரிக்க முடியாட்டி உங்க சாமிதான் வந்து எம்பட மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடோணும்" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மத்தியானம் எல்லோரும் மண்ணில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து புளிச்சோறு தின்றோம். யார் கையைப் பார்த்தாலும் சிமெண்டு. அன்றைக்கு மாதிரி ஒரு பந்தியை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வேலை முடிந்தது. மேஸ்திரிக்கு மறுநாள் ஈரோட்டில் வேறு வேலை. மூன்று வாரம் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் இறுகும். அதிலும் முதல் சில நாட்கள் விட்டால் போயிற்று.

செயலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, நாளை ஓய்வுநாள், யாரும் மேலே ஏறக் கூடாது என்று அறிவித்தார். வெயிலில் நன்றாகக் காயட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"காயக்கூடாதுங்க. காஞ்சா வெடிச்சுப்போடுமுங்க" என்றேன்.

சட்டி தூக்குகிறவள் எனக்குப் பாடம் நடத்துகிறாளா என்று அவர் ஆயரிடம் கேட்டார். ஆயர் சின்ன வயசுக்காரர், அப்போதுதான் வந்திருந்தார். இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார்.

தண்ணீர் தோட்டத்துக்காரர் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு அந்த வாரம் மின்சாரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எங்கள் ஆராதனை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் முடியப் பன்னிரண்டு தாண்டும். ஆராதனை முடிந்து ஏறினால் குழாயில் காற்றுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு, புதுச் சுவரை ஒட்டியிருந்த பந்தலில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது. என் கண் கூரையிலேயே இருந்தது. மேலே போட்டு விளிம்பில் தொங்கிய ஈரச் சாக்கு பத்து மணிக்கே வெளுத்துவிட்டது. நம் ஆண்டவர் தச்சு வேலை செய்தவர், பாதியில் நிற்கிற வேலையின் அருமை அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து போனேன். என் வீட்டுக்காரர் பார்க்காத மாதிரி இன்னும் சத்தமாகப் பாடினார்.

தோட்டத்துக்காரர் வேலி ஓரத்தில் குழாயோடு நின்றிருந்தார். "வருவீன்னு தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மேலே ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, களிமண்ணால் வரப்புக் கட்டினேன். எங்கள் ஆட்கள் காட்டில் பாத்தி கட்டுவது போலத்தான். கூரை முழுக்கச் சின்னச் சின்னப் பாத்தி. தண்ணீர் விட்டதும் சூடான கான்கிரீட் சர்ரென்று உறிஞ்சியது. தாகத்தில் கிடந்தவருக்குக் கொடுத்தது போல எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஜெபத்தில் கூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவசரத்தில் ஓர் ஓரத்து வரப்பு உடைந்தது. தண்ணீர் பந்தல் ஓலையில் விழுந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செயலாளரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் நகர்ந்தார். அங்கேயும் ஒழுகியது. பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். செயலாளர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, கீழே இறங்கு என்றார்.

"தண்ணி கட்டிப்போட்டு வாரனுங்க" என்றேன்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. ஓய்வுநாளை மீறினேன், ஆராதனையைக் கெடுத்தேன் என்று, சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கும் வரை எனக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். நான் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போகும்போது நான் உட்கார்ந்தே இருந்தேன். அது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் மூன்று வாரமும் பாத்தியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் முன்னால் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, குறைந்ததைக் குடத்தால் நிரப்பினேன். நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று என் விசுவாசம் முழுசாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கூரை மேல்தான் புரிந்தது, அன்றைக்குக் கலவையை ஊற்றியது மட்டும்தான் நடந்தது என்று. பிடிப்பு அதற்குப் பிறகு வருகிறது. பாட்டும் கூட்டமும் இல்லாத சாதாரண நாட்களில் யாராவது குடத்தோடு ஏற வேண்டியிருக்கிறது.

கூரையை அடியில் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று நான் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். தோட்டத்துக்காரர் மூங்கிலால் தட்டித் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குது" என்றார், என்னவோ தானே கலக்கிப் போட்டதுபோல.

ஆடியில் புது ஆலயத்துக்குள் முதல் ஆராதனை. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றோடு மழை அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. திருவிருந்து நேரம் வந்தது. நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். ஆயர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தட்டோடு பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நானே நடந்து வந்திருக்கறேனுங்கம்மா. என்னையத் திருப்பி அனுப்பிப்போடாதீங்க" என்றார் மெதுவாக.

கை நீட்டி வாங்கினேன். பின்னால் பெண்கள் யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே அந்தப் பாட்டுக் கேட்டது.

இத்தோடு விட்டிருப்பேன். வருடக் கடைசிக் கூட்டத்தில் செயலாளர் தீர்மானப் புத்தகத்தைப் படித்தார். அதில், நான் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டதால் திருவிருந்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டேன் என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. நான் எழுந்து கேட்பதற்குள் முடிவு ஜெபம் சொல்லிவிட்டார்கள்.

ஐயா, அந்தப் புத்தகம் இன்னும் சபையில் இருக்கிறது. நீங்களும் இருக்கிறீர்கள். நான் எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபை எழுந்து போவதற்கு முன்னால், நின்று பதில் சொல்லுங்கள்.