திராட்சை தொட்ட விரல்

சில வருடங்களுக்கு முன்பு, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழவெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மதியம்.

என் கணவருக்குச் சர்க்கரை. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் இன்சுலினுக்கு வந்து வெகு காலமாகிறது. சர்க்கரைக்காரர் திராட்சை விவசாயம் பார்ப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆகவே வீட்டில் போலீஸ் வேலை என்னுடையது. விரலில் குத்தி ரத்தம் பார்க்கும் மெஷின், ஸ்ட்ரிப், ஊசி, பிளாஸ்க்கில் இன்சுலின் எல்லாம் ஒரு கூடையில் என்னோடு தோட்டத்துக்கும் வரும். அளவு எகிறினால் கூடுதலாக எவ்வளவு போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று எங்கள் வழக்கமான வியாபாரிக்கு உடம்பு சரியில்லை. அவர் சொல்லி, கேரளாவிலிருந்து வேறொருவர் வண்டியோடு வந்திருந்தார். வெயில் இறங்குவதற்குள் குமுளி மலை ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். என் கணவரும் காலையிலிருந்து பந்தலுக்கடியில் உட்கார்ந்து, குலைகளிலிருந்து வெடித்த பழத்தையும் நசுங்கின பழத்தையும் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தள்ளிக்கொண்டே போனது.

ஒருவழியாகச் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்து வந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை, கையில் லேசான நடுக்கம். சாப்பாட்டுக்கு முன் பார்க்கிற வழக்கப்படி, ஸ்பிரிட் பஞ்சால் விரலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குத்தினேன். மெஷின் நானூறைத் தாண்டிக் காட்டியது.

எனக்கு வந்ததே கோபம். பழம் வெட்ட வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, "எத்தன குலைய உள்ள தள்ளுனீக?" என்று பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, சத்தியமா ஒரு பழம் வாயில வைக்கல" என்றார். குரல் குழறியது. கையும் களவுமாக அகப்பட்டதால்தான் வியர்க்கிறது, அதனால்தான் நாக்கும் புரளவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மெஷினா பொய் சொல்லும், மனுஷன்தானே சொல்லுவான். கூடுதல் இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு அவர் சட்டையை விலக்கினேன்.

எடை போட்டுக்கொண்டிருந்த கேரள வியாபாரி, பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சேச்சி, நில்லுங்க. கை கழுவியோ?"

குடும்ப விஷயத்தில் இவர் எதற்கு மூக்கை நுழைக்கிறார் என்று எனக்கு எரிச்சல். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாயிற்று என்றேன். பழச்சாறு அதற்கெல்லாம் போகாது, தண்ணீர் ஊற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவி இன்னொரு தடவை பாருங்கள், ஊசி எங்கேயும் ஓடிவிடாது என்று அவர் விடவில்லை. குடத்தைச் சாய்த்து அவரே தண்ணீர் ஊற்றினார். வேண்டாவெறுப்பாக என் கணவரின் கையைக் கழுவி, ஈரம் துடைத்து, வேறு விரலில் குத்தினேன்.

ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

சர்க்கரை அதல பாதாளத்தில் கிடந்த மனுஷனுக்கு, அதை இன்னும் இறக்குகிற மருந்தைப் போட இருந்தேன். அதற்குள் வியாபாரி ஒரு குலையை டம்ளரில் பிழிந்து கொண்டுவந்து, அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் புகட்டினார். ஆசைக்குக்கூட ஒரு பழம் நான் தராத மனுஷன், அன்று ஒரு டம்ளர் சாற்றைக் குடித்துக் கண் தெளிந்தார். தெளிந்ததும் என்னைப் பார்த்து, "இப்பவாச்சும் நம்புறியா?" என்றார். அழுதுவிட்டேன்.

அந்த வியாபாரிக்கும் சர்க்கரையாம். தொழிலுக்கு வந்த புதிதில், மண்டியில் பழத்தை அளைந்துவிட்டு வந்து ரத்தம் பார்த்து, மெஷின் காட்டியதில் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அங்கே நர்ஸ் கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தால் ஒன்றுமே இல்லையாம். "எனக்கு அன்னு மாத்திர மட்டும்தான், ஊசி இல்ல. அதனால தப்பிச்சு" என்றார்.

பிறகு எங்கள் டாக்டரிடம் கேட்டேன். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி சர்க்கரையோடு சேர்ந்ததும் துளி மின்சாரம் உண்டாகிறதாம், அதை அளந்துதான் மெஷின் எண்ணைக் காட்டுகிறதாம். அந்தச் சர்க்கரை ரத்தத்தில் இருந்ததா, விரலில் காய்ந்து ஒட்டியிருந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. இன்றும் அதே மெஷின்தான், இத்தனை நாள் என் கணவரைக் காப்பாற்றி வருவதும் அதுதான். ஆனால் இப்போது கூடையில் சோப்பும் இருக்கிறது. முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன், அப்புறம்தான் விரலைப் பிடிக்கிறேன். பக்கத்துத் தோட்டங்களில் சர்க்கரை உள்ளவர்கள் யாரையும் நான் சொல்லாமல் விடவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற நிம்மதியில் அன்று அந்தக் கேரள வியாபாரியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வண்டி குமுளிப் பாதையில் ஏறிப் போய்விட்டது. எங்கள் வழக்கமான வியாபாரி மூலம் நன்றி சொல்லி அனுப்பினேன். கை கழுவச் சொன்னதற்கா இவ்வளவு என்று சிரித்தாராம்.

இப்போதும் என் கணவர் தட்டின் முன் உட்கார்ந்து, குழம்பில் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லும்போதெல்லாம், அதைக் கேட்கும் பாக்கியத்தை எனக்கு மிச்சம் வைத்துப் போன அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.