மாமா குளிக்காமல் கோயிலுக்குப் போன ஞாயிறு

ஐம்பதுகளின் நடுவில் நான் பி.எஸ்.சி. இயற்பியல் படித்துக்கொண்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். ஒளி அலையா, துகளா என்ற கேள்வியால் அதிகம் அவதிப்பட்டவர் அவர்தான்.

கல்லூரி இருட்டறையில் இரட்டைப் பிளவுச் சோதனையைப் பார்க்க வகுப்பே முண்டியடித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவனின் பிடரி. விரிவுரையாளர் "எல்லாரும் பாத்தீங்களா?" என்றபோது, கூட்டத்தோடு நானும் "பாத்தோம் சார்" என்றேன். அவர் என்னைத்தான் பிடித்தார்.

"அப்போ திங்கக்கிழமை வந்து, பாத்ததை போர்டுல வரைம்மா."

புத்தகத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஒரு கண்ணாடியை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கருக்கி, இரண்டு பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்துக் கீறினேன். நெருக்கமாக இரண்டு கோடுகள் விழுந்தன. பிளேடு மாமாவுடையது. கண்ணாடி அவர்களுடைய கல்யாணப் போட்டோவிலிருந்து கழற்றியது.

ஞாயிறு காலை குளியலறை ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டி, நடுவில் மெல்லிய கீறல் விட்டு, கதவைத் தாழிட்டேன். மாமா துண்டோடு வந்து தட்டினார்.

"கோயிலுக்கு நேரமாச்சு! உள்ள என்ன பண்றே?"

"வெளிச்சத்தைப் பாக்கறேன் மாமா."

"அதுக்கு ஏம்மா ஜன்னலை மூடினே? வெளியே வா, இங்க எவ்ளோ கெடக்குது!"

கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஜன்னல் காகிதத்தின் கீறலைப் பார்த்தேன். ஒற்றை வெள்ளைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்து நின்றது. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், ஓரங்களில் லேசான சிவப்பு. இரண்டு வழியாக வந்த ஒளி, குளத்து அலைகளைப் போல ஓரிடத்தில் கூடியது, அடுத்த இடத்தில் தன்னையே அழித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில், வெந்நீரைக் கொட்டிக்கொண்டேன் என்று பயந்து இருவரும் ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து அவர்களையும் பார்க்கவைத்தேன்.

"சீப்பு மாதிரி இருக்குதே!" என்றார் மாமா.

"துகள்னு ஏதோ மனப்பாடம் பண்ணிட்டிருந்தியேடி?" என்றாள் அக்கா.

"உலோகத்துல பட்டா எலக்ட்ரானைத் தட்டிவிடுது. அப்போ துகள் மாதிரி நடந்துக்குது. இங்க அலை மாதிரி."

"ஆபீஸ்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணு. உங்க மாமாவேதான்."

அதற்குள் வெயில் பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டியது. கீறல் வழியே ஒரு கற்றை உள்ளே பாய, அதில் ஆயிரம் பொடிகள் மிதந்தன.

"துகள் வந்திடுச்சு!" மாமா துள்ளினார். "யப்பா, எவ்ளோ!"

"அது தூசி மாமா."

அக்காவின் முகம் மாறியது. "என் வீட்லயா தூசி?" சொம்பை எடுத்துச் சளாரென்று தண்ணீர் வீசினாள். காகிதம் கிழிந்து தொங்கியது. கண்ணாடியின் கரி கரைந்து ஓடியது. "இது எங்க கல்யாணப் போட்டோ கண்ணாடி இல்ல?"

அந்த விசாரணை முடிவதற்குள் சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. குளிக்காமலே ஓடினோம். ஆராதனை முழுக்க எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பாடகர் குழுவில் மாமா வாயைத் திறக்கும்போதெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கண்ணைச் சுற்றிக் கண்ணாடியின் கரி வளையமாக ஒட்டியிருந்தது கோயில் வாசலில்தான் தெரிந்தது.

பாதிரியார் தணிந்த குரலில் கேட்டார். "வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லீங்க ஐயா," என்றார் மாமா. "ஒளி அலைங்க."

திங்கட்கிழமை போர்டில் வரைந்து, ஓரங்களில் சிவப்புச் சாக்பீஸ் தீட்டினேன். விரிவுரையாளர் வெகுநேரம் பார்த்தார். "இந்த ஓரத்துச் செவப்பு புத்தகத்துல இல்லியே. எங்க பாத்தே?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "லேப்ல ஒரே மஞ்ச விளக்குதான். நான் சூரிய வெளிச்சத்துல பாத்ததே இல்லம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் வந்தார். வேறொரு கண்ணாடியைக் கருக்கிக் கொடுத்தேன். குளியலறைக்குள் போனவர் அரை மணி நேரம் தாழைத் திறக்கவில்லை. வெளியே வந்து, அக்கா கொடுத்த காப்பியை, குளியலறைக் கதவையே பார்த்தபடி பாதி குடித்தார். காப்பி சரியில்லையோ என்று அக்கா கவலைப்பட்டாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர், துண்டோடு காத்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"நீங்க குளிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி பாத்துக்கட்டுமா?"