என் மறதிக்கு ஒரு சாட்சி

மறதிக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டு, கிளினிக் நாளையே இரண்டு தரம் மறந்தவள் நான். என்னோடு படிப்பித்த ரீச்சர்மார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் தரம் உள்ளங்கையில் பேனையால் திகதியை எழுதிக்கொண்டு போனேன்.

சமாதான காலம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஓரிடத்தில் இருக்காத, கொண்டுவந்ததையெல்லாம் தொலைக்கிற, எதையும் பாதியில் விட்டு எழும்பிப் போகிற பிள்ளைகளைப் பற்றியது. ஏடிஎச்டி என்று பேர் சொன்னார்கள். தந்த தாளை வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்துவிட்டது. முப்பத்தாறு வயசில் என்னைப் பற்றி ஆரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. இது வளர்ந்த ஆட்களுக்கும் இருக்கும் என்று பயிற்சி தந்தவர் போகிறபோக்கில் சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் அலைந்தேன்.

ஏன் அலைந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அதற்குப் பத்து வருஷம் முந்தி, வாவியைக் கடந்து படுவான்கரையில் படிப்பித்தேன். பாதை என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில்தான் போக்குவரத்து. காலையில் துறையடியில் ஆமிக்காரர் நிற்கிற சென்றியில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, குடுத்தால் இலக்கம் போட்ட ஒரு துண்டு தருவார்கள். பின்னேரம் துண்டைக் குடுத்து ஐசியை எடுக்க வேண்டும். ஒரு நாள் ஐசியை எடுக்காமல் துண்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது முதல் தரமும் இல்லை. விடிய சுற்றிவளைப்பு என்று ஊரில் கதை அடிபட்டது. அந்த நேரம் ஐசி இல்லாமல் நின்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழும்பினார்.

"நீ இரு, நான் எடுத்திட்டு வாறன். உன்னைக் கட்டப்போற மாப்பிள்ளைதான் பாவம், அவரையும் எங்கயாவது வச்சிட்டு வந்திருவாய்" என்று பகிடி விட்டபடி சைக்கிளை எடுத்தார்.

அண்ணன் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் துறையடிப் பூவரசில் சாத்திக் கிடந்தது. சென்றியில் கேட்டால் அப்படி ஒருத்தரும் வரவில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து அம்மா போய் என் ஐசியை வாங்கி வந்தா. அதை என் கையில் தரவில்லை, தன் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டா. அன்றிலிருந்து காலையில் துறையடி வரை வந்து ஐசியைத் தருவா, பின்னேரம் அங்கேயே நின்று வாங்கிக்கொள்ளுவா. ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது மருந்து இல்லை. இது ஒரு வருத்தம், ஒரு நோய், இவள் அக்கறையில்லாமல் செய்யவில்லை என்று ஒரு டொக்டர் எழுதித் தருகிற கடிதம். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கொழும்பில் தனியார் டொக்டரிடம் காட்ட என் இரண்டு மாசச் சம்பளம் போகும் என்றார்கள், லொட்ஜ் செலவு வேற. மட்டக்களப்பில் விசாரித்தால், "அது சின்னப் பிள்ளைகள்ற வருத்தம் ரீச்சர்" என்று ஒரு நேர்ஸ் சிரித்தா. கடைசியில், மாசம் ஒருக்கா வந்து காசில்லாமல் பார்க்கிற ஒரு டொக்டர் கிடைத்தார். பைத்தியக் கிளினிக் என்றுதான் ஊரில் அதற்குப் பேர். பேர் கிடக்கட்டும் என்று போனேன்.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது பொருந்துது. ஆனா இது சின்னதில இருந்தே இருந்திருக்க வேணும். பள்ளிக்கூட ரிப்போட் ஏதும் இருக்கா?"

இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எரிந்து போனது என்றேன்.

"அப்ப உங்களைச் சின்ன வயசில இருந்து தெரிஞ்ச ஒராளைக் கூட்டி வாங்க."

அண்ணன் இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பார். அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிப் போனேன். "நான் சின்னதில எப்படி இருந்தனெண்டு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க" என்றேன். ஓம் என்றா.

டொக்டர் ஒரு படிவத்தை இழுத்து வைத்துப் பேனையைத் திறந்தார். அம்மா கதிரையில் இருக்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, எங்கள் இரண்டு பேரின் ஐசியையும் மேசையில் வைத்தா.

"அது வேணாம் அம்மா, இருங்க. மகளுக்குச் சின்னதில சாமான் துலைக்கிற பழக்கம் இருந்ததா?"

"இல்லை சேர்."

"சொன்னதை மறக்கிறது?"

"இல்லை சேர். நல்ல புள்ள. பள்ளிக்கூடம் விட்டா வீடு. வேற ஒண்டுக்கும் போறதில்லை சேர்."

சென்றியில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரல். கேட்ட எல்லாவற்றுக்கும் அதே பதில். டொக்டர் பேனையை மூடினார். "இதை வச்சு நான் ஒண்டும் எழுத ஏலாது ரீச்சர்" என்றார்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை. அம்மாவோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தரம். "ஏனம்மா பொய் சொன்னீங்க? எத்தனை குடை, எத்தனை செருப்பு, எத்தனை கொப்பி துலைச்சிருப்பன்? உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"நீ மறக்கிறவள் எண்டு நான் என்ர வாயால சொல்லி, அவர் அதை எழுதி ஒப்பம் வச்சா, அண்ணன் உன்னாலதான் போனவன் எண்டு ஆகிருமே மகள். பெத்தவள் நான் எப்படிச் சொல்ல?"

பஸ் வந்தது. சமாதானம் என்றாலும் வழியில் ஒரு சென்றியில் எல்லாரையும் இறக்கினார்கள். அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து என் ஐசியை எடுத்துத் தந்தா. பார்த்து முடிந்ததும், அவ கேட்க முதலே அதை அவவின் கையில் திருப்பிக் குடுத்தேன்.