செல்வராசாவின் மரண அறிவித்தல்

சிவதர்சினி கிளிநொச்சியில் ஒரு கேபிள் தொலைக்காட்சியில் ஒன்பது வருடமாக மாலைச் செய்தி வாசிக்கிறாள். வீடு வட்டக்கச்சியில். கல்யாணம் செய்யவில்லை. தாய் ஜெயரூபி பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்; அவரைப் பராமரிப்பது என் வேலை. மகள் திரையில் தெரிந்தால்தான் ஜெயரூபி ஒழுங்காக வாய் திறப்பார். செய்தி ஓடும் அந்த இருபது நிமிடத்துக்குள் சாப்பாடு கொடுத்து முடித்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் செய்தியைவிட, அது முடிந்ததும் வாசிக்கும் மரண அறிவித்தலைத்தான் கூடுதலானோர் பார்ப்பார்கள். யாருடைய செத்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்பது அதில்தான் தெரியவரும். அறிவித்தல் தொலைபேசியில் வந்தால், வாசிக்கிறவர் அந்தச் செத்த வீட்டுக்குத் திருப்பித் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்தவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், ஜெயரூபிக்குக் காய்ச்சல் கடுமை என்று நான் சிவதர்சினிக்கு அழைத்துச் சொன்னேன். அப்போதுதான் உருத்திரபுரம் செல்வராசா காலமானார் என்று ஓர் அயலவர் அறிவித்தல் கொடுத்திருந்தார். வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரத்தில் சிவதர்சினி விசாரிக்காமலே வாசித்தாள்.

செல்வராசா மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். அவர் வாட்டில் தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருக்க, அவருடைய வீட்டு ஒழுங்கையில் செத்த வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக்கொடியைக் கட்டிவிட்டார்கள். பூநகரியில் இருந்து சொந்தக்காரர் வான் பிடித்து அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள்.

தொழில்நுட்பக் கோளாறு என்று திரையின் அடியில் எழுத்தில் ஓடவிட்டால் போதும், வாயால் பிழையை ஒப்புக்கொண்டால் வேலை இருக்காது என்றார் நிலைய மனேஜர். அந்தச் சம்பளத்தில்தான் தாயின் மருந்து. மறுநாள் காலை அவள் உருத்திரபுரம் போனாள். செல்வராசாவின் மனைவி சிவனேஸ்வரி உட்காரச் சொல்லவில்லை.

“என்ர பொட்டை அழிக்கப் பாத்தியே பிள்ளை. நீ வாசிச்சா சனம் நம்புது. இனி மனுசன் சந்தைக்குப் போனாலும் பேயெண்டு சனம் விலத்தி ஓடும்.”

“நான் என்ன செய்யவேணும் அம்மா?”

“அவர் காலமை இடியப்பம் சாப்பிட்டவர். அதை நீயே வாசி. எழுத்தில ஓடுறதை ஆர் பாக்கினம்?”

அன்று தலைப்புச் செய்திக்கு முன்பே வாசித்தாள்: “உருத்திரபுரம் செல்வராசா நலமாக உள்ளார். இன்று காலை இடியப்பம் சாப்பிட்டார். நேற்றைய அறிவித்தலை நான் விசாரிக்காமல் வாசித்தேன். தவறு என்னுடையது.”

நான் கரண்டியை நிறுத்தவில்லை. அடுத்த மாத மருந்துக்கு என்ன வழி என்று மட்டும் யோசித்தேன்.

மனேஜர் அவளை வரவேண்டாம் என்று சொல்லி வேறொரு பெண்ணை இருத்தினார். மகள் பக்கத்தில் இருந்து தானே ஊட்டியும் ஜெயரூபி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சனமும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, பிழையை ஒப்புக்கொண்ட பிள்ளை வாசித்தால்தான் நம்புவோம் என்றது. பத்தாம் நாள் மனேஜரே கூப்பிட்டார்.

இந்தத் தை மாதம் செல்வராசா உண்மையாகவே இறந்தார். சிவனேஸ்வரியே தொலைபேசியில் அறிவித்தல் சொன்னார். குரல் தெரிந்தும் சிவதர்சினி தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்குத் திருப்பி எடுத்தாள்.

“இப்பத்தானே பிள்ளை சொன்னனான்?”

“கேக்கத்தானே வேணும் அம்மா. ஐயா காலமானது உண்மையோ?”

“ஓம், இந்தமுறை உண்மை. வாசி.”