அக்கா எடைபோட்டுச் செய்த அதிரசம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அனைவரும் ஒருமுறையாவது அவர் செய்த அதிரசத்தைச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தப் பக்குவம் அவருக்கு எளிதில் கிடைத்ததல்ல. உடன் இருந்து பார்த்த தங்கை என்ற முறையில் அதை எழுதிவைக்கிறேன்.

அக்கா பிறந்தது கல்லாவியில். அம்மா சீக்கிரமே காலமானதால் வீட்டுச் சமையல் சிறுவயதிலேயே அவர் தலையில் விழுந்தது. 1950களின் நடுவில் பேரிகையில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டார். அங்கே வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. அதை அக்கா விரைவில் பழகிக்கொண்டார்.

அந்த வருடமே நாத்தனாருக்கு மாலூர்ப் பக்கம் சம்பந்தம் கூடிவந்தது. நிச்சயத்துக்கு அதிரசம் செய்யும் பொறுப்பை மாமியாரான அத்தை, புது மருமகளிடம் நம்பிக் கொடுத்தார். கல்லாவியில் செய்த வழக்கப்படியே அரிசியைப் படியால் அளந்து, வெல்லத்தைப் பலம் என்ற பழைய எடைக்கணக்கில் நிறுத்து, அக்கா பாகு காய்ச்சினார். தட்டிப்போட்ட மாவு எண்ணெயில் பிரிந்து கரைந்தது. ஒன்றுகூட உருவாக வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பழத்தட்டு மட்டும்தான் வைக்க முடிந்தது.

"உங் கைல ராசி இல்ல கண்ணு. இனிமே நல்ல காரியத்துல அடுப்பண்ட வராத" என்றார் அத்தை. அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் அக்காவை அதிகம் வருத்தியது.

"அம்மா சொன்னத மனசுல வெச்சிக்காத" என்று அக்காவின் கணவரான மாமா தேற்றினார்.

"வெச்சிக்கல. எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன அப்பாவிடம் எங்கள் வீட்டுப் படியையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் அக்கா. நானும் போயிருந்தேன். மாமா எங்களைச் சந்தையிலிருந்த வெல்லக் கடைக்கு அழைத்துப்போனார். அக்கா இரண்டு வீட்டுப் படியிலும் அதே பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, தராசில் நிறுத்தார். பேரிகைப் படி அரிசி எடை குறைவாக இருந்தது. பெயர்தான் ஒன்று, படி சிறியது. அரிசி குறைந்துபோக, வெல்லம் மட்டும் பழைய எடையிலேயே விழுந்திருக்கிறது. பாகு மிஞ்சியதால்தான் மாவு எண்ணெயில் பிரிந்தது.

"அப்ப எங் கைல ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி அக்கா சிரித்தார். கல்யாணமாகிப் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் அரிசியையும் நிறுத்தே போட்டார். அரிசி நாலு பங்கு எடை என்றால் வெல்லம் மூன்று பங்கு. ஒரு மத்தியானம் கொஞ்சமாகச் செய்து அத்தையிடம் நீட்டினார். அத்தை ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் நாத்தனார் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட அடுப்பு மூட்டிய அன்று, "அதிரசத்துக்கு நீயே உக்காரு" என்று அவரே வந்து கூப்பிட்டார். விருந்தில் மாலூர்ச் சம்பந்தி யார் செய்தது என்று கேட்டபோது, அத்தை எல்லாரும் கேட்கச் சொன்னார்: "எம் மருமவதான். அன்னிக்கு ராசி இல்லன்னு நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

கொஞ்ச காலத்தில் கிலோ கணக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் திகைத்து நின்றபோது, "கல்லுதான் புதுசு, பங்கு அதேதான்" என்று அக்கா தைரியம் சொன்னார். மாமா இறந்தபின் மத்திகிரிக்குக் குடிவந்து, பலகாரம் செய்து கொடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகியபோது அவர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து பக்கத்தில் குடியேறிய பெண்கள் அதிரசப் பக்குவம் கேட்டால், யாரிடமும் மறைக்காமல் சொன்னார்.

கடைசி மாதங்களில் அக்காவுடன் தங்கிப் பணிவிடை செய்த நாத்தனாருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் வந்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களுக்கு வந்து தோள்கொடுத்த கல்லாவி, பேரிகை உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. நெடுநாள் முன்பே மறைந்துவிட்ட அத்தையையும் இங்கே வணங்குகிறேன். தான் சொன்னது தப்பு என்று சபையில் சொல்லிய பெரிய மனம் அவருடையது. அதன் பிறகு அக்கா எந்த அடுப்பின் முன்னும் தயங்கி நின்றதில்லை.